நாய் கடித்த தாய்க்கோழியும் பொரித்து இரண்டு நாளான ஏழு குஞ்சுகளும்: அவசர உதவி தேவை

ஆற்றூர்க்காரன்
சனி, இரவு 7.10

எல்லாருக்கும் வணக்கம். திருவட்டாறு பக்கம் ஆற்றூரிலிருந்து எழுதுகிறேன். அம்மா வளர்க்கிற நாட்டுக்கோழி 11 முட்டையில் அடை கிடந்தது. வியாழன் ராத்திரியும் வெள்ளியுமாக 8 குஞ்சு பொரித்தன. இன்று மத்தியானம் மழை விட்ட நேரத்தில் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு விளைக்குள் (தோட்டத்துக்குள்) இறங்கியிருக்கிறது. அங்கே ஒரு தெருநாய் பாய்ந்துவிட்டது. கோழி ஓடவில்லை. சிறகை விரித்துக்கொண்டு குஞ்சுகளுக்கு முன்னால் நின்றதை அம்மா அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். விறகுக்கட்டையோடு ஓடிப்போவதற்குள் நாய் முதுகைக் கவ்வி உதறிவிட்டது. ஒரு குஞ்சு போய்விட்டது. ஏழு இருக்கின்றன.

வாலுக்குக் கொஞ்சம் மேலே, என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து தொங்குகிறது. உள்ளே சதை தெரிகிறது. ரத்தம் நின்றுவிட்டது. வலது காலை ஊன்றவில்லை. கண்ணை மூடி மூடித் திறக்கிறது. தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. கால்நடை மருந்தகம் இனி திங்கள்கிழமைதான் திறக்கும். கரண்ட் வேறு வந்து வந்து போகிறது.

இன்னொரு விஷயம். பொரிக்காத 3 முட்டை கூட்டிலேயே கிடந்தன. அதில் ஒன்றில் சின்னதாகக் கொத்து விழுந்திருக்கிறது. காதில் வைத்தால் உள்ளே கத்துகிறது. ஓட்டை உடைத்து எடுத்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தக் கோழியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.


கோழிக்கூடு_கருங்கல்
சனி, இரவு 7.24

தம்பி, முதலில் முட்டையை உடைக்காதீர்கள். கொத்து விழுந்து குஞ்சு முழுசாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். உள்ளே மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுபட்டு, ஓட்டோடு ஒட்டிய ஜவ்வில் இருக்கிற ரத்தமும் வற்றிய பிறகுதான் அது வெளியே வரணும். நாம் அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து செத்துப்போகும். பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வைத்து, பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீரும் நனைத்த துணியும் வையுங்கள். காற்று காய்ந்திருந்தால் ஜவ்வு குஞ்சின் மேல் தோல் மாதிரி இறுகிவிடும். கொத்தின இடம் மேலே பார்க்கிற மாதிரி வைக்கணும்.

இனி கோழி. இப்போது அதற்கு வேண்டியது இருட்டும் சூடும் சத்தமில்லாத இடமும். காயத்தைவிட அதிர்ச்சியில்தான் கோழி அதிகம் சாகும். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, பக்கவாட்டில் காற்றுத் துளை போட்டு, அதில் படுக்க வைத்து மூடுங்கள். ஒரு மணி நேரம் திறந்து திறந்து பார்க்காதீர்கள். தீனி இப்போது வேண்டாம். கண்ணைத் திறந்து, தலையை நிமிர்த்தி வைத்த பிறகு தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீருக்கு நெல்லிக்காய் அளவு கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அதுவாக விழுங்கணும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

நான் இதை எழுதுவதற்குள் மஞ்சள் கொட்டியிருந்தால் பரவாயில்லை, கழுவிக்கொள்ளலாம்.


கால்நடைமாணவி
சனி, இரவு 7.41

நான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன், சொந்த ஊர் அழகியமண்டபம் பக்கம். அக்கா சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். பல் பட்ட குத்துக்காயம் வயிற்றுப் பக்கமோ நெஞ்சுப் பக்கமோ இருக்கிறதா? பெரிய கிழிசல் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆழமான சின்னக் குத்துதான் ஆபத்து. தோலைத் தொட்டால் நொறுநொறுவென்று காற்று அடைத்த மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பறவைக்கு நுரையீரலோடு சேர்ந்து உடம்பு முழுக்கக் காற்றுப்பைகள் உண்டு. அது கிழிந்தால் தோலுக்கு அடியில் காற்று ஏறும்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்காதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள். மெடிக்கல் கடையில் நார்மல் சலைன் பாட்டில் கிடைத்தால் அது, இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் போவிடோன் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, பால் ஊற்றாத லேசான தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்ததும் ஊற்றுங்கள். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம். புதுச் சதையை அவை எரித்துவிடும்.

கட்டுப் போட்டே ஆகணும் என்று நினைத்தால் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். நமக்கு இருக்கிற உதரவிதானம் கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. தூக்கும்போதும் நெஞ்சை அமுக்காமல் இரண்டு சிறகையும் அணைத்துத் தூக்குங்கள்.

வீட்டில் இருக்கிற மனுஷ வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதையே தடை செய்தார்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.


தோவாளைக்காற்று
சனி, இரவு 8.02

கோழியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் குஞ்சு பற்றிச் சொல்கிறேன்.

முதல் வாரம் குஞ்சு படுக்கிற இடத்தில் 35 டிகிரி சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். எல்இடி பல்பில் சூடு வராது, பழைய குண்டு பல்பு 60 வாட் தேடி மாட்டுங்கள். ஏழு குஞ்சுக்கு அது தாராளம். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் தொங்கணும், மறு ஓரம் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். தூரத்தில் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் காற்று விஷயம் எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று எங்கள் பக்கம் ஆனி ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பல்பு எரிந்துகொண்டே இருக்கும், குஞ்சு செத்துக் கிடக்கும். கதவிடுக்கில் வருகிற காற்று போதும். குஞ்சின் உயரத்துக்கு நாலு பக்கமும் அட்டை வைத்து மறையுங்கள். மேலே மட்டும் திறந்திருக்கட்டும்.

கரண்ட் போனால் கொதிக்கிற தண்ணீரைத் தடித்த பாட்டிலில் ஊற்றி, பழைய கைலியில் சுற்றி நடுவில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும். ராத்திரி அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.


ஆற்றூர்க்காரன்
சனி, இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. கழுவியாச்சு. வயிற்றில் குத்துக் காயம் இல்லை. தோலுக்கு அடியில் காற்று இல்லை. கால் எலும்பு உடைந்த மாதிரித் தெரியவில்லை, ஆனால் தொடை வீங்கியிருக்கிறது. கருப்பட்டித் தண்ணீர் பத்துப் பதினைந்து சொட்டு குடித்தது. குஞ்சுகளை அதே அறையில் வேறு பெட்டியில், பல்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். குஞ்சு கத்தினால் கோழி பெட்டிக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் கொடுக்கிறது. அதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார்கள்.


பால்வெட்டு_குலசேகரம்
ஞாயிறு, காலை 10.15

நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன். தோட்டத்துக் குடியிருப்பில் கீரி, மரநாய், மலைப்பாம்பு எல்லாம் உண்டு. கடிபட்ட கோழி நிறையப் பார்த்திருக்கிறேன். பிழைத்ததைவிடப் போனதுதான் அதிகம். மனசைக் கஷ்டப்படுத்தச் சொல்லவில்லை. காயத்தில் அழுகிய நாற்றம் வந்து, பச்சையாகக் கழிந்து, தலையைத் தொங்கப்போட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தொடவில்லை என்றால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். வேதனையை நீட்டிப்பதும் பாவம்தான். அந்த நிலை வராதவரைக்கும் பாருங்கள், நானும் பார்ப்பேன்.

எங்கள் அம்மாச்சி தேங்காயெண்ணெயில் மஞ்சளும் வேப்பிலையும் காய்ச்சிப் போடுவாள். அதில் ஆறின காயமும் உண்டு.


கோழிக்கூடு_கருங்கல்
ஞாயிறு, காலை 11.02

குலசேகரம் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. நானும் அப்படி முடிவெடுக்க வேண்டி வந்திருக்கிறது.

எண்ணெய் மருந்து சின்னக் கீறலுக்குச் சரி. உள்ளங்கை அளவு திறந்த காயத்தில் எண்ணெய் ஊற்றினால் சுற்றியுள்ள இறகெல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்ளும். இறகு ஒட்டினால் கோழிக்கு உடம்புச் சூடு நிற்காது, அதுவும் இந்த இடவப்பாதி மழையில். நான் மஞ்சள் போடுவது வேறு காரணத்துக்கு. சிவப்பைப் பார்த்தால் மற்றக் கோழிகள் கொத்தும், குஞ்சுகளும் கொத்தும். காயம் காய்ந்து பொருக்குக் கட்டிய பிறகு மேலே லேசாக மஞ்சள் தூவினால் அந்த நிறம் மறையும்.

இப்போது பயப்பட வேண்டியது ஈக்கு. பெட்டியின் மேல் கொசுவலை கட்டுங்கள். ஒரு ஈ உட்கார்ந்தால் போதும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். வேப்பெண்ணெயைக் காயத்துக்குள் விடாமல் சுற்றியுள்ள இறகு ஓரத்தில் மட்டும் தொட்டு வையுங்கள்.


ஆற்றூர்க்காரன்
திங்கள், காலை 6.50

ஒரு கெட்ட செய்தி. நேற்று ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. நான் அலாரம் வைக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து பார்க்கும்போது குஞ்சுகள் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை தப்பின. அடியில் ஒன்று விறைத்துவிட்டது. தோவாளை அண்ணன் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அசந்துவிட்டேன்.

கொத்து விழுந்த முட்டையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் குஞ்சு தானாக வெளியே வந்துவிட்டது. ஆக மறுபடியும் ஏழு. ஆனால் புதுக்குஞ்சு நிற்கவில்லை. இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, நீந்துகிற மாதிரித் தரையில் கிடக்கிறது.


கால்நடைமாணவி
திங்கள், காலை 7.20

பெட்டிக்குள் என்ன விரித்திருக்கிறீர்கள்? பத்திரிகைத் தாளா? அப்படியென்றால் உடனே எடுத்துவிடுங்கள். வழுக்குகிற தரையில் இப்படித்தான் கால் விரியும். சொரசொரப்பான சணல் சாக்கு விரியுங்கள். ஒரு வாரம் ஆனதும் காய்ந்த உமி இரண்டு விரல் உயரத்துக்குப் போடலாம்.

காலைக் கட்டிவிட வேண்டும். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை அரை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டுங்கள். ஒரு காலின் கணுவுக்கு மேல் சுற்றி, நடுவில் இடைவெளி விட்டு, மறு காலிலும் சுற்றுங்கள். இயல்பாக நிற்கும்போது இரண்டு காலுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்குமோ அதே அளவு. பிளாஸ்டரின் நடுப்பகுதியில் பசை ஒட்டாதபடி இன்னொரு துண்டை எதிராக ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் போதும். பொரித்த முதல் நாட்களில் எலும்பு மெத்தென்று இருக்கும்போதே செய்தால்தான் பலன். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், கட்டின காலோடு விழுந்தால் எழ முடியாது.

முதல் இரண்டு நாள் அது வயிற்றில் இருக்கிற மஞ்சள்கருவிலேயே வாழும், தீனி எடுக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். தண்ணீரை மட்டும் அலகில் தொட்டுக் காட்டுங்கள்.

இறந்த குஞ்சுக்காக உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளாகத் தூங்காமல் இருக்கிறீர்கள்.


குளச்சல்_மாடிவீடு
திங்கள், மதியம் 1.30

நான் மாடியில் பத்துக் கோழி வளர்க்கிறேன், இந்த இழையைச் சனிக்கிழமையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். குஞ்சுக்கு என்ன தீனி கொடுக்கிறீர்கள்? வெறும் அரிசி நொய் மட்டும் போட்டுத்தான் நான் முதல் தடவை எல்லாவற்றையும் இழந்தேன். வளராமல், சிறகு தொங்கி, ஒவ்வொன்றாகப் போயின. இப்போது கடையில் குஞ்சுத் தீனி வாங்கி முதல் எட்டு வாரமும் அதைத்தான் கொடுக்கிறேன். அதில் புரதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்.


கோழிக்கூடு_கருங்கல்
திங்கள், மாலை 4.45

அது உண்மை. தாயோடு திரிகிற குஞ்சுக்குத் தாய் கிளறிக் கிளறிப் பூச்சியும் புழுவும் எடுத்துக் கொடுக்கும். பெட்டியில் வளர்கிற குஞ்சுக்கு அதை நாம்தான் கொடுக்கணும். கடைத் தீனி கிடைக்காத நாளில் அவித்த முட்டையை உதிர்த்துப் போடுங்கள். அதோடு கறையான். எங்கள் பக்கம் சிதல் என்போம். பழைய மண்பானையில் நனைத்த தேங்காய்த் தும்பு, காய்ந்த சாணி, மக்கின ஓலை எல்லாம் திணித்து, சிதல் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும். விளையில் ஈரம் காயாமல் நிழலாக இருக்கணும், அவ்வளவுதான். குஞ்சுகள் அதைப் பார்த்ததும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவே காலையில் எழுந்திருக்கலாம்.

பச்சை மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தோலை மட்டும் குஞ்சு திரிகிற இடத்தில் போட்டுவிடாதீர்கள். அதில் விஷம் உண்டு. நம் ஊரில் எல்லா வீட்டு முற்றத்திலும் கிழங்குத் தோல் கிடக்கும், அதனால் சொல்கிறேன்.

தீனி ஈரமானால் தயங்காமல் தூரப் போடுங்கள். பூஞ்சை பிடித்த தீனியும் பூஞ்சை பிடித்த உமியும் குஞ்சின் நெஞ்சை அடைத்துவிடும்.


ஆற்றூர்க்காரன்
திங்கள், இரவு 8.15

மருந்தகம் போய் வந்தோம். டாக்டர் நன்றாகப் பார்த்தார். காயமாகி இரண்டு நாள் ஆனதால் தையல் போட்டால் உள்ளே சீழ் கட்டும், திறந்தே ஆறட்டும் என்றார். கறுத்துப்போன தோலை வெட்டி எடுத்தார். ஊசி போட்டு, ஐந்து நாளைக்குத் தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். கால் உடையவில்லை, சுளுக்குத்தான். மருந்து முடிந்து எத்தனை நாள் கழித்து முட்டை சாப்பிடலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் முதல்முறையாகத் தானே நாலு சோற்றுப்பருக்கை கொத்தியது.


தேரூர்த்தாரா
செவ்வாய், காலை 9.00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் வீட்டில் கோழியை வைத்துத் தாரா (வாத்து) முட்டை பொரிக்க வைத்தோம், 28 நாளில் ஐந்து குஞ்சு வந்திருக்கிறது. தாராக்குஞ்சுக்கும் இதே முறைதானா? பக்கத்துக் குளத்தில் இறக்கிவிடலாமா?


கோழிக்கூடு_கருங்கல்
செவ்வாய், காலை 9.40

சூடு இதே மாதிரிதான், ஆனால் தாராக்குஞ்சுக்குச் சீக்கிரம் குறைக்கலாம். குளத்தில் இறக்காதீர்கள். தாய்த் தாராவின் உடம்பு எண்ணெய் பட்டுத்தான் குஞ்சுக்கு முதலில் நனையாத தன்மை வரும். கோழி வளர்க்கிற தாராக்குஞ்சு நனைந்து விறைத்துவிடும். மூக்குத் துளை முங்குகிற ஆழத்துக்குக் குடிதண்ணீர் இருந்தால் போதும். கால் வலுவாக, தீனியில் கொஞ்சம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள்.


ஆற்றூர்க்காரன்
வியாழன், மாலை 5.20

அவசரம். இன்று வெயில் அடித்ததால் அம்மா கோழியைக் கொஞ்ச நேரம் முற்றத்தில் விட்டிருக்கிறார்கள். நேற்று மத்தியானமும் விட்டார்களாம். இப்போது காயத்தின் கீழ் ஓரத்தில், தோல் மடிப்புக்குள் வெள்ளையாக அசைகிறது. புழு. நாற்றமும் இருக்கிறது. என்ன செய்வது?


கால்நடைமாணவி
வியாழன், மாலை 5.26

பயப்படாதீர்கள், இன்றைக்கே சுத்தம் செய்தால் சரியாகிவிடும். சலைன் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சிரிஞ்சில் வேகமாகப் பீய்ச்சினால் பாதி வெளியே வந்துவிடும். மீதியை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். மடிப்பைத் தூக்கி அடியில் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். இறகின் அடியில் அரிசி நொய் மாதிரி கொத்தாக ஒட்டியிருப்பது ஈ முட்டை, அந்த இறகை வெட்டிவிடுங்கள். மாட்டுக்கு ஊற்றுகிற டர்பன்டைன் பக்கமே போகாதீர்கள். முடித்த பிறகு அயோடின் தண்ணீர், அப்புறம் காயவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். நாளைக்கு டாக்டரிடம் காட்டி, புழுவுக்கு மருந்து வேண்டுமா என்று கேளுங்கள்.


பால்வெட்டு_குலசேகரம்
வியாழன், மாலை 5.50

தம்பி, ஒருவர் பிடிக்கணும், ஒருவர் எடுக்கணும். கோழியின் தலையைத் துணியால் மூடிவிட்டால் அசையாமல் கிடக்கும். நெற்றியில் கட்டுகிற டார்ச் இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். நாங்கள் ராத்திரி பால் வெட்ட அதைத்தான் கட்டிக்கொண்டு போவோம்.


ஆற்றூர்க்காரன்
வியாழன், இரவு 9.10

முடிந்தது. அம்மா மடியில் வைத்துக்கொண்டார்கள், நான் எடுத்தேன். 43 புழு. எண்ணி எண்ணிக் கிண்ணத்தில் போட்டேன். கோழி ஒருமுறைகூடக் கத்தவில்லை, அம்மாவின் விரலை மட்டும் அலகால் பிடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி பார்த்தபோது இரண்டு கிடைத்தது. இப்போது கொசுவலைக்குள் இருக்கிறது. காயத்துக்குள் புதுச்சதை இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன மணியாகத் தெரிகிறது.


கோழிக்கூடு_கருங்கல்
வியாழன், இரவு 9.35

அந்த மணி மணியான சதைதான் மக்களே நாம் காத்திருந்தது. இனி ஓரத்திலிருந்து தோல் உள்நோக்கி வளரும்.

ஒன்று கேட்கிறேன், இன்னும் குஞ்சுகளுக்குக் குரல் கொடுக்கிறதா? கொடுத்தால் அதிகம் தள்ளிப் போடாதீர்கள். பிரிந்தே இருந்தால் கொஞ்ச நாளில் தாய்மை மாறிவிடும், பிறகு பக்கத்தில் விட்டால் கொத்தி விரட்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் அட்டையை எடுத்துவிட்டுக் கம்பிவலை வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும்.


தோவாளைக்காற்று
வியாழன், இரவு 10.05

சேர்க்கும்போது குஞ்சு காயத்தைக் கொத்துமே? அதற்கு ஒரு வழி உண்டு. சேவல் மிதித்து முதுகு உரிந்த கோழிக்கு நாங்கள் துணியில் ஒரு மேலங்கி தைத்துப் போடுவோம். முதுகை மூடுகிற அளவுக்கு நீள்சதுரத் துணி, கழுத்துப் பக்க மூலையில் இரண்டு வளையம். அந்த வளையத்துக்குள் சிறகை நுழைத்துவிட்டால் முதுகில் படுதா மாதிரி கிடக்கும். நெஞ்சைச் சுற்றாது, மூச்சுக்குத் தடை இல்லை. காற்றும் போகும். சிவப்புத் துணி மட்டும் வேண்டாம். தினமும் கழற்றி, காயத்தைப் பார்த்து, துவைத்த துணியை மாற்றணும்.


ஆற்றூர்க்காரன்
அடுத்த திங்கள், இரவு 9.40

அம்மா அப்பாவின் பழைய நீலக் கைலியைக் கிழித்து இரண்டு மேலங்கி தைத்தார்கள். முதல் நாள் கோழி பின்னால் பின்னால் நடந்து அதைக் கழற்றப் பார்த்தது. அப்புறம் மறந்துவிட்டது.

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு குஞ்சைக் கோழியின் இடது பக்கம், காயம் இல்லாத பக்கமாக அடியில் தள்ளிவிட்டேன். கால் விரிந்து பிறந்த அந்தக் கடைசிக் குஞ்சைத்தான். அதன் கட்டைப் புதன்கிழமையே அவிழ்த்துவிட்டோம், இப்போது மற்றவற்றோடு ஓடுகிறது. ஆனால் அது தாயைப் பார்க்காமலேயே பொரித்த குஞ்சு. கோழி கழுத்தை நீட்டி இருட்டில் அதை மோந்த மாதிரி நின்றது. கொத்தப்போகிறது என்று கையை நீட்டினேன். அது சிறகைக் கொஞ்சம் தூக்கி, உடம்பை இறக்கி, அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. குஞ்சு உள்ளே போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாக ஆறையும் விட்டேன். காலையில் பார்த்தால் நீலத் துணிக்கு அடியிலிருந்து ஏழு தலை எட்டிப் பார்க்கிறது.


குளச்சல்_மாடிவீடு
அடுத்த திங்கள், இரவு 9.58

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து போட்டாச்சா? பத்து நாள் ஆகிவிட்டதே. முதல் வாரத்திலேயே கண்ணில் ஒரு சொட்டு விடணும்.


கால்நடைமாணவி
அடுத்த திங்கள், இரவு 10.20

இன்னும் தாமதமில்லை, ஆனால் இந்த வாரமே விட்டுவிடுங்கள். ராணிகேட் என்று சொல்வதும் வெள்ளைக்கழிச்சல் என்பதும் ஒன்றுதான். வந்துவிட்டால் மருந்து கிடையாது, தெருவே காலியாகும். ஒரு குப்பியில் 100 கோழிக்கு மேல் வரும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கணும். அதனால் மருந்தகத்தில் எந்த நாள் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்து வீட்டுக் குஞ்சுகளையும் சேர்த்துக்கொண்டு போங்கள். குளிர் விடாமல் ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் மருந்தைக் கொண்டு வரணும். எட்டு வாரம் ஆனதும் சிறகில் ஊசி. அப்புறம் வருஷா வருஷம் பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்துகிற இருவார முகாமில் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான்.

மூன்றிலிருந்து ஆறாவது வாரம் வரை எச்சத்தில் ரத்தம் தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். உமி ஈரமாக இருந்தால் ரத்தக்கழிச்சல் வரும், மழைக்காலத்தில் ரொம்பவே. வந்தால் அன்றைக்கே மருந்து வேண்டும்.


ஆற்றூர்க்காரன்
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8.30

கேட்டவர்கள் எல்லாருக்கும்: ஏழும் இருக்கின்றன. மூன்று சேவல், நாலு பெட்டை மாதிரித் தெரிகிறது. நாலாவது வாரம் ஒன்றின் எச்சத்தில் ரத்தம் பார்த்தோம், அன்றே மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்தோம், நின்றுவிட்டது.

கோழியின் முதுகில் காயம் முழுக்க மூடிவிட்டது. நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இறகில்லாத இடம் இருக்கிறது. மற்ற இடத்தில் குச்சி குச்சியாகப் புது இறகு உறையோடு முளைக்கிறது. மேலங்கியைப் போன வாரம் கழற்றிவிட்டோம். வலது காலை இன்னும் லேசாகச் சாய்த்துத்தான் வைக்கிறது, ஆனால் கிளறுவது அந்தக் காலால்தான்.

விளையின் தெற்குப் பக்கம் நாய் வந்த வழியில் வலை அடித்துவிட்டோம். எட்டாவது வார ஊசிக்கு எங்கள் தெருவில் ஆறு வீட்டிலிருந்து 38 கோழி சேர்ந்திருக்கிறது. ஆற்றூர், திருவட்டாறு பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள், குப்பியில் இன்னும் இடம் இருக்கிறது.


பால்வெட்டு_குலசேகரம்
ஞாயிறு, காலை 9.05

எங்கள் குடியிருப்பில் 14 உண்டு தம்பி. என்றைக்கு என்று சொல்லுங்கள், கூடையில் கொண்டு வருகிறேன்.